பூசணியின் முதல் வெட்டு

எங்கம்மா மாரித்தாய் பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் குசினிக்காரியாக இருந்தாள். கண்ட கறியையும் தொட்டுச் சமைக்கிறவள் என்று தெருவில் அவளைப் பற்றிப் பேச்சு உண்டு. பேசியவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டில் ஒரு படி அரிசி கொண்டுவந்து கொட்டியதில்லை. அப்பா கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே மண்ணாகிப் போனார். அண்ணனையும் என்னையும் ஆளாக்கியது அந்தக் குசினிதான்.

பங்களாத் துரைசானிக்குப் பூசணிக்காய் என்றால் உயிர். எங்கள் பக்கத்தில் பூசணி என்றால் மஞ்சள் காய்தான். சாம்பல் பூத்த வெள்ளைக் காய்க்குத் தடியங்காய் என்று பெயர். பூசணியை இரண்டாகப் பிளந்து, விதையை வழித்தெடுத்து, குழிக்குள் வெண்ணெயும் கருப்பட்டித் தூளும் கொஞ்சம் சுக்கும் போட்டு, கனத்த இரும்புச் சட்டியில் வைத்து மூடுவாள் அம்மா. அடியிலும் தணல், மூடி மேலும் தணல். சதை குழைந்து, ஓரமெல்லாம் பாகு கொதித்துக் கருகிய வாசம் வந்ததும் இறக்குவாள். அதைக் கோழிக்கறிக்குத் தொட்டுக்கொள்வார்களாம். கறியோடு இனிப்பைத் தின்கிற நாக்கு என்ன நாக்கோ என்று வீட்டுக்கு வந்து சிரிப்பாள். துரைசானியின் ஒரே மகனுக்கும் அது ரொம்பப் பிடிக்குமாம். அவன் ஜெர்மன் சண்டைக்குப் போய் பஸ்ரா பக்கம் இருந்தான்.

முழுப் பூசணியை எங்களில் பெண்பிள்ளைகள் வெட்டுவதில்லை. ஆண்பிள்ளை யாராவது முதல் வெட்டைப் போட்டுக் கொடுத்தால், மற்றதைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை பெற்றவள் மீறி வெட்டினால் தலைச்சன் பிள்ளை தங்காது என்பார்கள். பங்களாத் தோட்டத்தில் வேலை பார்த்த என் அண்ணன் மந்திரமூர்த்திதான் அம்மாவுக்கு வெட்டிக் கொடுப்பான். குசினி வாசலில் குந்தி ஒரே போடு. அரிவாளைத் துடைத்துக்கொண்டு செடிகளுக்குப் போய்விடுவான்.

ஒரு நாள் வாழைக்கன்று வாங்கிவர அவனை ஏரலுக்கு அனுப்பியிருந்தார்கள். விருந்தாளி வரும் நேரமாகியும் காய் முழுசாகக் கிடந்தது. ஏன் தாமதம் என்று கேட்டு வந்த துரைசானியிடம் அம்மா காரணத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுத்தாள்.

“நீங்க வெட்டாதிய துரைசானி. ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கிய. கொஞ்சம் பொறுங்க, நான் யாரையாவது கூட்டியாரேன்.”

வெட்டியாகிவிட்டது. விருந்தும் நன்றாக நடந்தது. அடுத்த மாதமே பஸ்ராவிலிருந்து தந்தி வந்தது.

துரைசானி சாப்பாட்டு மேசைக்கு வருவதையே விட்டுவிட்டாள். அம்மா அவளிடம் பூசணிப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் மனசுக்குள் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. கத்தியைப் பிடுங்கியாவது எறிந்திருக்க வேண்டும் என்று எங்களிடம் புலம்புவாள்.

இறந்துபோன மகனின் பிறந்த நாளன்று காலையில் துரைசானி தோட்டத்திலிருந்து ஒரு பூசணியைத் தானே சுமந்துகொண்டு குசினிக்கு வந்தாள். நல்ல தமிழ் பேசுவாள். பாதிரிமார் கற்றுக்கொடுத்த தமிழ்.

“மாரி, அன்று நான் வெட்டினேன். அதனால்தானா?”

“ஐயோ, அதெல்லாம் சும்மா பேச்சு துரைசானி. அதுல ஒண்ணுமே கெடையாது.”

“அப்படியானால் இதை நீ வெட்டு.”

அண்ணன் வாசலில்தான் நின்றிருந்தான். “எம்மா, இங்கன கொண்டா, நான் வெட்டுதேன்” என்று உள்ளே வந்தான்.

“நீ போய்ச் செடியப் பாருலே” என்று அவனை விரட்டிவிட்டு, அம்மா கத்தியை வாங்கி வெட்டினாள். அண்ணன் போகாமல் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தானாம். துரைசானி குசினித் தரையிலேயே உட்கார்ந்து, தந்தி வந்த நாளாக அழாத அழுகையை அழுது தீர்த்தாள். அன்று மேசையில் உட்கார்ந்து அந்தப் பூசணியைச் சாப்பிடவும் செய்தாள். அண்ணன் இதையெல்லாம் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருத்தி மனசு ஆற எங்கண்ணனையா பணயம் வைப்பது என்று அம்மா மேல் ஆத்திரம் வந்தது.

அன்றிலிருந்து அம்மா அவனைப் பாடாய்ப் படுத்தினாள். மரம் ஏறக்கூடாது, ஆற்றில் தண்ணீர் கூடினால் குளிக்கப் போகக்கூடாது, பாம்பு கிடக்கும், புல்லறுக்கப் போகக்கூடாது. தோட்டக்காரனிடம் சொல்கிற புத்தியா இது? அவன் கேட்டுக்கொண்டே போய் எல்லாவற்றையும் செய்தான். ஒன்றும் ஆகவில்லை.

மறு வருஷம் அந்த விஷக் காய்ச்சல் வந்தது. ஆற்றங்கரையில் பிணங்களை எரிக்க விறகு போதவில்லை. அண்ணனுக்கும் காய்ச்சல் கண்டு மூச்சு இழுத்தபோது அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு, “என்னய மன்னிச்சிருலே, என்னய மன்னிச்சிருலே” என்று கதறினாள். எதற்கென்று அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, போய்விட்டான்.

செய்தி கேட்டுத் துரைசானி வந்தாள். வண்டியைத் தெரு முக்கில் விட்டுவிட்டு நடந்தே வந்தாள். சடலத்தைப் பார்த்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன கேட்க வருகிறாள் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

“காய்ச்சல் துரைசானி. ஊரெல்லாம் அள்ளிட்டுப் போவுதுல்லா, அந்தக் காய்ச்சல்தான். வேற ஒண்ணுமில்ல.”

துரைசானி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு பைய நடந்து வண்டிக்குப் போய்விட்டாள்.

அண்ணனை எரித்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“எம்மா, நெசமாவே காய்ச்சல்தாம்மா. நம்ம தெருவுலயே எத்தன பேரு போயிட்டாவ. அவுக வீட்டுலயெல்லாம் பூசணியா வெட்டுனாவ?”

அம்மா என் தலையைத் தடவினாள்.

“அதத்தாம்லே நானும் அந்த அம்மாகிட்ட சொன்னேன்” என்றாள்.