தாலிக்கொடியோடு முழுகினேன்

மொன்றியல் பனிக்குத் தப்பி நானும் கணவரும் ஹவாய்க்குப் போயிருந்தோம். அங்கே கடலோரத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறைகளுக்கு நடுவே ஊற்று நிறைந்த ஒரு குளம். நெஞ்சளவு தண்ணீர்தான். ஊற்றுநீர் சில்லென்றும் கடல்நீர் இளஞ்சூடாகவும் மாறி மாறி உடம்பில் படும்.

“கொடியைக் கழட்டித் தாருமப்பா,” என்றார் இவர். நீச்சல் தெரியாதவர், துவாயோடு கரையில் நிற்பார்.

“விசர்க்கதை கதையாதேங்கோ. நீங்கள் குத்துக்கல்லு மாதிரி நிக்கேக்க தாலியைக் கழட்டுறதே?”

மூக்கைப் பிடித்து முழுகினேன். எழும்ப முடியவில்லை. கொடி பாறை இடுக்கில் மாட்டிவிட்டது. தலைவழியாகக் கழற்றியிருக்கலாம். நானோ இரண்டு கையாலும் தாலியைப் பொத்திப் பிடித்திருந்தேன்.

சப்பாத்தோடு குதித்த இவர் என் விரல்களைப் பிரித்து, கொடியைக் கழற்றி, என்னைத் தூக்கி நிறுத்தினார்.

“குத்துக்கல்லு நிக்குதுதானே! விட்டிருக்கலாமெல்லே!” என்று கத்தினார். பேந்துதான் பாறை இடுக்கிலிருந்து கொடியை மீட்டார்.

இப்போது மொன்றியலில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி நீச்சல்குளத்துக்குப் போனாலும், இறங்குமுன் கொடியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டுவிடுகிறேன். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, நான் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். பிறகு அவரே என் கழுத்தில் போட்டுவிடுவார். ஒவ்வொரு முறையும், கலியாணத்தன்று போலவே.