வராது என்று சொன்ன மழை

காய்ந்த மல்லாட்டையைக் காதருகில் வைத்து ஆட்டினால் உள்ளே பருப்பு கடகடவென்று பேசும். ஈரமாக இருந்தால் வாயே திறக்காது. நிலக்கடலையை நாங்கள் "மல்லாட்டை" என்றுதான் சொல்வோம். புரட்டாசியில் செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, செஞ்சிக் கோட்டைக்குப் போகும் சாலையோரம் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சப்பட்டைப் பாறையில் கொட்டிப் பரப்பிவிட்டு, ஒரு காயை எடுத்து ஆட்டுவதும் வானத்தைப் பார்ப்பதுமாக நாளெல்லாம் அலைவாள் அம்மா. அடுத்த பட்டத்துக்கு விதையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

காய் பாறையில் கிடக்கும் நாட்களில் எங்கள் தெருவில் யாரும் "மழை வரும்" என்று சொல்லக் கூடாது. "வாயால கூப்புடாத" என்பார்கள். சரி, விதைத்துவிட்டு மழைக்கு ஏங்கும் ஆடியிலாவது சொல்லலாமா என்றால் அதுவும் கூடாது, "சொன்னா ஓடிப்பூடும்." ஆக, மழை வேண்டும்போதும் "வராது"தான், வேண்டாதபோதும் "வராது"தான். கோட்டை இருக்கும் பெரிய மலையின் உச்சி மேகத்துக்குள் போனதும் அம்மா தெருவுக்கே கேட்கும்படி, "மழை எங்க வரப்போவுது?" என்பாள், அதைக் கேட்ட மறு நிமிடம் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடும். இதில் எங்களுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குழப்பம் காரில் வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. காலாண்டுப் பரீட்சை விடுமுறை. சென்னையிலிருந்து வந்த ஓர் அப்பா, ஓர் அம்மா, என் வயதில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் என மூன்று பேர் எங்கள் வீட்டருகே புளியமரத்தடியில் காரை நிறுத்தி இறங்கினார்கள். "பாப்பா, மழை வருமா? மேல ஏறலாமா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். மலையுச்சி அப்போதே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்கள் காய் பாறையில் கிடந்ததே! "வராது" என்றேன். "ஊர்க்காரப் பொண்ணே சொல்லிட்டா" என்று அவர் சிரித்தார். மஞ்சள் கவுன்காரி தன் பூப்போட்ட குடையை என் கையில் கொடுத்து, "அப்ப இது எதுக்கு? வச்சிரு, வரும்போது வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குதித்துக்கொண்டு போனாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பிடித்துக்கொண்டது. நாங்கள் தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் பாதிக் காய் நனைந்துவிட்டது. இடி ஒன்று மலையில் மோதித் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. வழுக்குப் பாறையும் படியுமான அந்த வழியில் மழைத் தண்ணீர் இறங்கினால் எங்கள் ஊர் ஆடே கால் வைக்க யோசிக்கும். குடை கையில் இருந்தும் அதை விரிக்க மனம் வராமல் நனைந்தபடியே நின்றேன்.

"அம்மா, மெட்ராஸ்காரங்க மேல போயிருக்காங்க. நான்தான் மழை வராதுன்னு சொன்னேன்."

"இன்னாடி இது! அவங்களாண்ட போயி அப்டியா சொல்லுவ? அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"அப்ப வரும்னு சொல்லியிருக்கணுமா?"

"அய்யய்ய, காயைக் கொட்டிவச்சிக்கினு அதெப்புடிச் சொல்லுவ?"

 சொல்லிவிட்டுத் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்து மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் காய் மொத்தமும் நனைந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெண் நல்லபடியாக இறங்கி வந்துவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பக்கத்திலேயே நிற்கும் அம்மாவுக்கு இதைவிடப் பெரிய துரோகம் இருக்க முடியாது என்றும் தோன்றியது.

மழை ஓய்ந்த பிறகுதான் வந்தார்கள். தொப்பலாக நனைந்து, பற்கள் தந்தியடிக்க, மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். "ஆன்ட்டி, செம க்ளைமேட்!" என்றாள் அந்தப் பெண். அவளுடைய அம்மா என் கன்னத்தைத் தட்டி, "நீ வரும்னு சொல்லியிருந்தா பயந்துக்கிட்டு ஏறியிருக்கவே மாட்டோம். இப்படி ஒரு நல்ல நாள் கிடைச்சிருக்காது" என்றார். நனைந்த காய் ஒரு பிடியோடு நின்ற அம்மா அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். குடையை வாங்கிக்கொண்டு அவர்கள் போனதும் நான் ஓவென்று அழுதேன். ஏன் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. நான்கு நாளில் பாதிக் காய் முளைவிட்டுக் கறுத்துப்போனது. "நல்ல நாளாமே" என்று அதை அள்ளிக் குப்பையில் கொட்டினாள் அம்மா.

போன புரட்டாசியில் என் மகளைக் கூட்டிக்கொண்டு, இப்போது நானும் சென்னைக்காரியாக, செஞ்சிக்குப் போனேன். அம்மா இல்லை. அந்தப் பாறையை உடைத்து எடுத்துவிட்டார்கள். அங்கே வண்டிகள் நிற்கின்றன. காயைப் பச்சையாகவே விற்றுவிடுவதால் அந்தச் சாலையில் யாரும் காயப்போடுவதும் இல்லை. மலையுச்சியில் மேகம் இறங்கியிருந்தது. கோட்டை வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், "மழை வருமாம்மா?" என்று கேட்டேன். "வராதுக்கா, தாராளமா போயிட்டு வாங்க" என்றாள்.

எதைக் காயவைத்துக்கொண்டு இதைச் சொல்கிறாள் என்று என் கண் தானாகத் தேடியது. அவளுக்குப் பின்னால் கொடியில் இரண்டு பள்ளிக்கூடச் சட்டைகள் தொங்கின. புரிந்துவிட்டது! படியேறத் தொடங்கியிருந்த மகளைக் கத்திக் கூப்பிட்டு இறக்கி, கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேகம் கலைந்து, வெயில் சுள்ளென்று அடித்தது. மகள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண் எழுந்து, கொடியில் மொரமொரவென்று காய்ந்திருந்த சட்டைகளை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான்தான் வராதுன்னு சொன்னேனேக்கா."