மூன்று மணிக்குக் கூட்டமாம்!

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஊரைப் பற்றிக் கவலையே இல்லை..." இந்த வசனத்தை இனி யாராவது என் காதுபடச் சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை எங்கள் ஊரான ஊரிகத்தில் வார்டுக் கூட்டம். வார்டு கமிட்டிக்கு ஆள் எடுத்து நகரசபைக்குப் பெயர் அனுப்ப வேண்டும். அதில் ஓர் இடம் இளைஞருக்கு. கூட்டம் எத்தனை மணிக்கு? மத்தியானம் மூன்றுக்கு!

ஏன் மூன்று? முதல் ஷிப்ட் முடிந்து, ஆட்கள் தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர அதுதான் தோதாம். காலம் காலமாக அப்படித்தானாம். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஐயா! எந்த ஷிப்ட்? எந்த ஆட்கள்? வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் அந்நேரம் பெங்களூரில் இருக்கிறார்கள். விடியுமுன் ரயில் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது.

ஆனாலும் ஒருத்தி வந்தாள். எங்கள் பக்கத்து லைன் ஜெனிஃபர். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. இதற்காகவே லீவு போட்டிருந்தாள். ஸ்டேஷனிலிருந்து எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு வரும் பாதையில் ஒரு விளக்குகூட எரிவதில்லை. கூட வரும் தோழி அந்த இருட்டில் பள்ளத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அங்கே விளக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்க கமிட்டியில் தனக்கு அந்த இடம் வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

கூட்டத்தை நடத்தியவர் துரைராஜ் அண்ணன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர்தான். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. கூப்பிட்டு, கையில் டீ ஃபிளாஸ்க்கைக் கொடுத்து, எல்லாருக்கும் ஊற்றச் சொன்னார்! அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள்.

பிறகு எழுந்து நின்று, இளைஞர் இடத்துக்குத் தன் பெயரைச் சொன்னாள்.

"ஒனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வம்பு? வேலைக்குப் போற பொண்ணு. நாங்க பாத்துக்கறோம், நீ உக்காரு" என்றார் அண்ணன்.

"இத்தினி வருஷமா நீங்கதானே பாத்துக்கறீங்க அங்கிள்... லைட்டு எரியலையே" என்றாள்.

நான் எழுந்து சத்தம் போட்டேன். யார் கேட்டார்கள்? இளைஞர் இடத்துக்கு அண்ணனின் மைத்துனர் பெயரை எழுதிக்கொண்டார்கள். வயது ஐம்பத்திரண்டு! தலைக்கு டை அடித்திருந்தார். அந்தத் தகுதி போதும் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு தீர்மானம் வேறு. இளைஞர்களை ஊர் காரியங்களில் ஈடுபடுத்த விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டுமாம். என்றைக்கு? அடுத்த புதன்கிழமை, மூன்று மணிக்கு. தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நேற்று அண்ணன் போன் பண்ணினார். குரலில் பதற்றம்.

"அந்த ஜெனிஃபர் பொண்ணு வர்ற எலெக்‌ஷன்ல நம்ம வார்டுல நிக்கப் போவுதாம். ரயில்லயே பசங்க எல்லாம் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்களாம். நீங்க கொஞ்சம் புத்தி சொல்லக் கூடாதா?"

சொன்னேன். முதல் போஸ்டரை எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னேன்.