ஒரு படத்துக்குள் இரண்டு கணங்கள்

வெள்ளவத்தையில் என் எடிட்டிங் அறைக்குப் பழைய கல்யாண வீடியோ கேசட்டோடு வந்த கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்கு அதில் வேண்டியிருந்தது ஒரு நொடிதான். அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்ததால் அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். தேவாலயத்துக்குள் கைபிடித்து அழைத்துப்போனவர் மாமா. போன வருடம் அப்பா இறந்த பிறகுதான் மாமா வாய் திறந்தாராம்.

"அப்பா சேர்ச்சுக்கு வந்தவராம் அண்ணா. வாசலோட திரும்பிப் போயிட்டாராம். என்னால நம்பவே ஏலாமல் இருக்கு. வீடியோவில நிக்கிறாரோ, பாருங்கோ."

தேடிப் பார்த்தேன். அவளும் மாமாவும் நடந்து வரும்போது, பின்னால் வாசலில் ஒருவர் சட்டெனத் திரும்புகிறார். நிறுத்திப் பார்த்தால் முகமெல்லாம் சீப்புப் பற்கள் போலக் கோடுகள். ஆள் யாரென்றே தெரியவில்லை.

இருபது வருடமாக இந்தக் கோடுகளோடு குப்பை கொட்டுகிறவன் நான். வழக்கமான பொத்தானைத் தட்டினேன். மென்பொருள் கோடுகளை ஒன்றோடொன்று குழைத்தது. வாசலில் இப்போது இரண்டு ஆவிகள். என்மேலேயே எரிச்சல் வந்தது. கல்யாண வீடியோவில் பின்னால் நிற்பவரை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இத்தனை காலமும் இப்படித்தானே குழைத்துக் கொடுத்திருக்கிறேன்!

அந்தக் காலத்துக் கமரா வீடியோவின் ஒவ்வொரு படத்திலும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடுகளை முதலில் பதியும். மீதிக் கோடுகளை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்துப் பதியும். பழைய டிவியும் அதே ஒழுங்கில் காட்டியதால் ஒன்றும் தெரியவில்லை. கணினித் திரை இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. இடையில் அசைந்தவர் கிழிந்துபோகிறார். அப்படியானால் அந்த ஒரு படத்துக்குள் இரண்டு கணங்கள் இருக்கின்றன. பிரித்தால் என்ன தெரியும்? எனக்கு ஆவல் தாங்கவில்லை.

மூலப் பதிவுக்கே திரும்பிப்போய், கோடுகளை இரண்டு கூறாக்கி, இடைவெளிகளை நிரப்பினேன். ஒரு படம் இரண்டானது. முதலாவதில் கொஞ்சம் மங்கலாக, ஆனால் கிழியாமல், ஒரு முகம்.

"அப்பாதான்," என்றாள். பிறகு திரைக்குக் கிட்டப்போய் அவர் போட்டிருந்த கோட்டில் நெஞ்சோரம் வெள்ளையாகத் தெரிந்ததைத் தொட்டாள். "பூ குத்தியிருக்கிறார்."

"அதுக்கென்ன?" என்றேன். இப்படிப் பூக்களை எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறேன்; யார் குத்துவது என்று கேட்டதில்லை.

"கல்யாணப் பொம்பிளையைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறவர்தான் அண்ணா அப்பிடிக் குத்துறது. மாமாவும் குத்தியிருந்தவர்." திரையில் தானும் மாமாவும் நடந்துவரும் இடத்தை விரலால் காட்டினாள். "என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். பிந்திட்டார்."