பத்தடி இடைவெளி

எழுபதுகளில் திருத்தணி வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து வந்த கூலியாட்கள், வயலோரம் கரும்புத் தோகையால் குடிசைகளை நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள். ஒன்றில் தீப்பற்றினால் மற்றவையும் எரியுமென்று, விதிப்படி பத்தடி தள்ளிக் கட்டச் சொன்னேன்.

நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கேட்டாள்: “வலி எடுத்து நான் கூப்ட்டா பக்கத்துல கேக்க வேணாமாங்க?”

“நீ கத்தினா மலைக்கோயிலுக்கே கேக்கும்டி,” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், கர்ப்பிணி மட்டும் சிரிக்கவில்லை. நான் குடிசைகளைத் தள்ளிக் கட்ட வைத்து, இடைவெளியை அளந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஓய்வுக்குப் பின் கட்டிய என் வீட்டைச் சுற்றியும் பத்தடி இடம் விட்டிருந்தேன். சென்ற மாதம், நான் கடைக்குப் போயிருந்தபோது, என் மனைவி சமையலறையில் விழுந்து இறந்தாள். பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எதுவும் கேட்கவில்லை என்கிறார்கள். அவள் கூப்பிட்டாளா என்பது எனக்குத் தெரியாது.