டவுன் பஸ்ஸை முந்தியவர்கள்

எங்கள் அப்பாவுக்கு நடப்பதென்றாலே ஆகாது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருபவரிடம் தினமும் நடக்கச் சொன்னால் கோபம் வராதா? "வேலவெட்டி இல்லாதவன் நடப்பான்" என்றார். ஆனால் நடக்காமலும் முடியாது. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. பெர்மனென்ட் லிஸ்ட்டில் பேர் வந்தும், மெடிக்கலில் பிரஷர் அதிகம், உடம்பைக் குறைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வாய்ப்புதான் பாக்கி. அதிலும் தவறினால் வேலையே இல்லை. அம்மா குழம்பில் உப்பைக் குறைத்தாள். அப்பாவின் உடம்பைக் குறைக்கும் பொறுப்பைப் பத்து வயதில் நானே எடுத்துக்கொண்டேன்.

நான் மகா பிடிவாதக்காரி. நடக்கத்தானே மாட்டார், ஓடட்டும் என்று எங்கள் மத்திகிரியிலிருந்து ஓசூர் போகும் டவுன் பஸ்ஸோடு பந்தயம் கட்டினேன். எங்கள் ஸ்டாப்பில் பஸ் கிளம்பியதும் நாங்களும் கிளம்புவோம். அது ரோட்டைச் சுற்றி வரும். நாங்கள் மாட்டுப்பண்ணை வேலியோரம் குறுக்கே ஓடி, என் பள்ளிக்கூட ஸ்டாப்பைப் பிடிப்போம். அங்கே அப்பா பஸ் ஏறிக்கொள்வார். முதல் நாள் வேலியில் பாதி தூரம் போவதற்குள்ளேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, நாங்கள் போய்ச் சேரும்போது பஸ் அங்கேயே நின்றிருந்தது.

அடுத்த இரண்டு மாதம் தினமும் ஜெயித்தோம். அப்பாவின் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பஸ் வந்து நின்றதும் சின்னப் பையன் மாதிரி கைதட்டிக் குதிப்பார். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மெடிக்கல் நாள் வந்தது. ஒன்பது மணிக்குள் கம்பெனியில் இருக்க வேண்டும். அடுத்த பஸ் முக்கால் மணி கழித்துத்தான். அன்றைக்குப் பார்த்து டிரைவர் சீட்டில் புது ஆள். அப்பா அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் படியில் காலை வைத்தார்.

"இன்னிக்கு ஓட்டம் வேணாம் பாப்பா. ஏறு, போலாம்."

"தோத்துடுவோம்னு பயமா? பயந்தாங்கொள்ளி!" என்று கத்திவிட்டு நான் வேலியைப் பார்த்து ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால் அப்பா பின்னால் வந்துகொண்டிருந்தார். "நில்லு பாப்பா! தனியா ஓடாத, நில்லுடி!" அது தோற்பவரின் கத்தல் என்று நினைத்து இன்னும் வேகமெடுத்தேன். நாங்கள் பள்ளிக்கூட ஸ்டாப்புக்கு வந்தபோது பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கை காட்டிய இரண்டு டெம்போக்களும் நிற்கவில்லை. "உள்ள போ" என்று பள்ளிக்கூடத்தைக் காட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓசூர் ரோட்டில் ஓட ஆரம்பித்தார்.

அன்று ஒரு பாடமும் தலையில் ஏறவில்லை. வேலை போனால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் வீட்டில் செல்போனும் கிடையாது, சாயங்காலம்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கலாமே என்றுதான் அழுதேன், பாவி!

அப்பா வந்ததும் அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒம்போதுக்குள்ள போயிட்டேன். மொதல்ல பிரஷர் எக்கச்சக்கம். ஏன்யா இப்படி வேர்க்குதுன்னு டாக்டர் கேட்டாரு. பஸ்ஸ விட்டுட்டேன், மத்திகிரியிலருந்து ஓடியாந்தேன்னேன். அவ்ளோ தூரமான்னு சிரிச்சுட்டு, ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சாரு. அரைமணி கழிச்சுப் பாத்தா, நார்மல்!"

அம்மா அழுதாள். "நாளைக்கு அந்தப் புது டிரைவர ஜெயிச்சிடலாம்பா" என்றேன் நான். அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அடுத்த வாரம் பழைய டிரைவர் திரும்பி வந்தார், நாங்களும் மறுபடி ஜெயித்தோம். அவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏன் சார், வேலதான் பெர்மனென்ட் ஆயிடுச்சே, இன்னும் நான் மெதுவா உருட்டிக்கிட்டேதான் வரணுமா?" என்றார். அப்பா அவசரமாக என்னைப் பார்த்தார். தோற்றவர் சாக்கு சொல்கிறார் என்று எனக்கு ஒரே சிரிப்பு.

பஸ் படியில் வைத்த காலை அப்பா அன்றைக்கு ஏன் எடுத்தார் என்பதையும் அப்படித்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். பந்தய ஆசை அவரையும் விடவில்லை என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.