மதிய இடைவேளைக்கு ஒரு பேட்டரி சைக்கிள்

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் அவளுக்குக் கடைக்குள் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒண்ணா-ரெண்டா. இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லைப் புரட்டிப் புரட்டி நாள் முழுக்க அவள் கேட்பது அதைத்தான். "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" ஒன்பது வருடமாகக் கேட்கிறாள். "நீ கனவுல கூட யாரையாவது உட்கார வெச்சுக் கேட்டுக்கிட்டுதான் இருப்பே" என்பார் கடை முதலாளி. அவர் சொன்னதில் பாதி உண்மை.

பேறுகால விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஆறு மாதம். அதே மாடியில் எதிர்வீட்டிலேயே இருக்கும் கணவனின் அக்கா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். அண்ணி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவள், ஆனால் கை பஞ்சு. அந்த வகையில் கவலையில்லை. கவலையெல்லாம் பாலைப் பற்றித்தான்.

கடையின் பின்னறையில், கண்ணாடிச் சட்டங்கள் வந்த பெட்டிகளுக்கு நடுவே, கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து, கையால் அமுக்கும் பம்பில் மதியம் பாலெடுப்பாள். யார் எப்போது கதவைத் தட்டுவார்களோ என்று ஒரு காது வெளியிலேயே இருக்கும். அப்படி உட்கார்ந்தால் எங்கிருந்து சுரக்கும்? முதல் வாரம் புட்டியில் பாதிக்கு மேல் வந்தது. மூன்றாம் வாரம் கால் புட்டிக்கு இறங்கியது. தடுப்பூசி போட வந்த நர்ஸ் சொன்னார்: "குழந்தை நேரா குடிச்சாதான் ஊறும்மா. மதியம் ஒரு வேளை வாய் வெச்சா போதும். விட்டீங்கன்னா கொஞ்சம் கொஞ்சமா வத்திடும்."

மதிய இடைவேளை ஒன்றிலிருந்து இரண்டு வரை. வீடு நாலு கிலோமீட்டர். பஸ்ஸோ தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பஸ். போக மட்டும் நாற்பது நிமிடம். சாதாரண சைக்கிள் என்றால் நடுவில் இருக்கும் மேம்பாலம் ஏறி முடிப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். அப்படி யோசித்து யோசித்துத்தான் அவள் பேட்டரி சைக்கிளுக்கு வந்து சேர்ந்தாள்.

"தாராளமா வாங்கு. நாலு கிலோமீட்டர்தானே, எதை வாங்கினாலும் ஓடும்" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். மேலே போகும், கீழே வரும், அவ்வளவுதான் அவனுக்கு வாகனம்.

எதை வாங்கினாலும்! அவளிடம் போய்ச் சொல்கிற வார்த்தையா அது?

அவள் தனக்குத் தெரிந்த வழியில்தான் தேடினாள். இரண்டு சைக்கிளை எடுத்துக்கொள்வாள், ஒண்ணா, ரெண்டா? தோற்றதைத் தள்ளுவாள், ஜெயித்ததோடு புதிதாக ஒன்றை நிறுத்துவாள். மறுபடி ஒண்ணா, ரெண்டா? கண் பரிசோதனையில் இதற்கு ஒரு முடிவு உண்டு. சைக்கிளுக்கு ஏது முடிவு? வாரத்துக்கு ஒரு புது மாடல் வந்து தொலைக்கிறதே.

முதலில் பார்த்ததில் பேட்டரியைக் கழற்ற முடியாது. மூன்றாம் மாடியில் வீடு, கீழே பிளக் கிடையாது. சைக்கிளையே தூக்கிக்கொண்டா ஏறுவது? தள்ளினாள், நியாயம்தான். அடுத்ததில் பேட்டரி கழன்று வந்தது, பிரேக்கோ பழைய ரப்பர் பிரேக். மழையில் மேம்பாலம் இறங்கும்போது வழுக்கினால்? அதுவும் போனது. டிஸ்க் பிரேக் வைத்த வண்டியோ இருபத்தெட்டு கிலோ கனம். கனமில்லாதது யானை விலை. இவ்வளவு வரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல்தான் அவளுக்குப் பித்துப் பிடித்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடும் பேட்டரி போதுமா, எண்பது ஓடுவது வேண்டுமா என்று பத்து நாள் மண்டையைக் குடைந்தாள்.

"காலைல போய், மதியம் வந்து, திரும்பப் போய், சாயங்காலம் வந்தா மொத்தம் பதினாறு கிலோமீட்டர்" என்றான் கணவன். "எண்பது கிலோமீட்டர் போய் யாரைப் பார்க்கப் போறே?"

"பேட்டரி நாளாக நாளாகக் குறையுமாம்ங்க."

"நாமளும்தான் குறைவோம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் போனை நோண்டினாள். சைக்கிள் கடைக்கு ஆறு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சொல்றேன்" என்று கிளம்பிவிடுவாள். அங்கிருந்த தாடிக்காரர் பொறுமைசாலி. ஆறாவது தடவைதான் வாயைத் திறந்தார். "பேசாம எங்க கடைல வேலைக்குச் சேர்ந்துடுங்கம்மா. என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியுது."

வீட்டில் அண்ணி தினமும் சாயங்காலம் கேட்பாள். "சைக்கிள் என்னாச்சு?"

"பார்த்துக்கிட்டிருக்கேன் அண்ணி."

"வீடு கட்டறவன் கூட இவ்வளவு நாள் பார்க்க மாட்டான்."

ஏழாவது வாரத்தில் புட்டியின் அடி மட்டும்தான் நனைந்தது. அன்று சாயங்காலம் அண்ணி கேள்வி எதுவும் கேட்கவில்லை. "பசி தாங்கலை. மாவுப்பால் கலக்கிக் கொடுத்துட்டேன். மடக்கு மடக்குன்னு குடிச்சா" என்று மட்டும் சொன்னாள். "நல்லது அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தன் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு சைக்கிள் வாங்கத் துப்பில்லை, நீயெல்லாம் ஒரு தாயா என்று கண்ணாடியில் தெரிந்தவளைத் திட்டினாள்.

அதற்கு மறுநாள் ஒரு பள்ளி ஆசிரியர் கண் காட்ட வந்தார். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் சில்லைப் புரட்டினாள். ஒண்ணா, ரெண்டா? அவர் தடுமாறினார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. நான் ஏதாவது தப்பா சொல்றேனா?"

"தப்பில்லை சார். ரெண்டும் ஒண்ணு போல தெரிஞ்சா நம்பர் கிடைச்சிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல மாத்தினா கெட்டுத்தான் போகும்."

இதை அவள் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். இந்தத் தடவை சொல்லி முடித்ததும் கையில் சில்லோடு அப்படியே நின்றுவிட்டாள். அவள் பட்டியலில் மிஞ்சியிருந்த இரண்டு சைக்கிள்களும் பதினெட்டு நாளாகச் சமமாகத்தான் நின்றன. சமமாக நின்றதாலேயே இன்னும் தேட வேண்டும் என்று நினைத்துவிட்டாளே! ஆசிரியர், "முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

அன்று மாலையே போய் இரண்டில் விலை குறைந்ததை வாங்கினாள். சாம்பல் நிறம், கழற்றும் பேட்டரி, முப்பத்தைந்து கிலோமீட்டர். தாடிக்காரர் ரசீது போடுவதற்கு முன் இரண்டு தடவை, "நிஜமாவா?" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சரியாக ஒரு மணிக்குக் கிளம்பினாள். மேம்பாலத்தில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி வண்டி தானாக ஏறியது. பதினோரு நிமிடத்தில் வீடு. பேட்டரியைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். அவளைக் கண்டதும் மகள் கையையும் காலையும் உதறிக் கத்திய கத்தலில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கை கழுவிக்கொண்டு, உட்கார்ந்து, மடியில் போட்டாள். பிள்ளை வாய் வைத்தது. இரண்டு இழு இழுத்தது. நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி, மேசையில் இருந்த புட்டியைத் தேடியது. அடுத்த பக்கம் மாற்றிப் பார்த்தாள். அங்கும் அதே கதைதான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பிள்ளை பசியில் வீறிட்டு அழுதும் அவள் விடாமல் முயன்றுகொண்டிருந்தாள்.

"எத்தனை நேரம் பிடிவாதம் பிடிப்பே?" என்றாள் அண்ணி. "குழந்தைக்கிட்ட இல்ல, உன்கிட்டதான் கேக்கறேன்."

அவள் புட்டியை வாங்கிக்கொண்டாள். மகள் அவள் சுண்டுவிரலைப் பிடித்தபடி கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

நாலாம் நாள் அவள் கிளம்ப எழுந்ததும் மகள் அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகையில்லை, காலையில் அவள் வேலைக்குப் போகும்போது அழுகிற அதே அழுகை. அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. முன்னெல்லாம் இவ ஒரு வாட்டிதான் அழுவா. இப்ப நீ வந்து வந்து போறதால ரெண்டு வாட்டி அழறா. பாலும் இல்லைன்னு ஆயிடுச்சு. வேகாத வெயில்ல எதுக்கு அலையறே? நல்லா யோசிச்சுக்க."

அவள் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அழுகை படிக்கட்டெல்லாம் கூடவே வந்தது. இரண்டாம் மாடி திரும்பும்போது சட்டென்று நின்றுவிட்டது. நின்றதே என்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நெஞ்சு எரிந்தது. இவ்வளவு சீக்கிரமா மறந்துபோவாள் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

மறுநாள் ஒன்று பன்னிரண்டுக்கு அழைப்பு மணி அடித்தது. அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"யோசிச்சியா?"

"இல்ல அண்ணி, நேரா வந்துட்டேன்" என்று அவள் பிள்ளைக்குக் கை நீட்டினாள்.